இருட்டுக்குள் போகும் செயற்கைக்கோளுக்கு கரண்ட் எங்கிருந்து?

சூலூர்பேட்டை சோலார்

எல்லோருக்கும் வணக்கம். சூலூர்பேட்டை, தடா, நாயுடுபேட்டை வட்டாரத்தில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் போட்டுக் கொடுப்பது என் தொழில். பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் எங்கள் பக்கம் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஊரே மாடியில் ஏறி நிற்கும். போன தடவை நான் பேனல் போட்டுக் கொடுத்த ஒரு வீட்டு மாடியில் நின்று பார்த்தேன். ராக்கெட் மேகத்துக்குள் போனதும் அந்த வீட்டுப் பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, சாயங்காலம் ஆனா உன் பேனல் படுத்துக்குது. அங்க போறதுக்கு ராத்திரி யார் கரண்ட் குடுப்பா?"

"பேட்டரி இருக்கும் பாட்டி" என்று சொன்னேன். அதற்கு மேல் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாடியில் நாங்கள் போடுகிற அதே செல்தானா? இருட்டு எவ்வளவு நேரம்? பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்? மிஞ்சுகிற கரண்டை எங்கே தள்ளுகிறார்கள்? எர்த்திங் எங்கே கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் எண்களோடு சொல்லுங்கள். தொழிலில் இருக்கிறவனுக்கு எண் இருந்தால்தான் பிடிபடும்.

ஆரம்பாக்கம் வாத்தியார்

பாட்டி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். பள்ளியில் பிள்ளைகளிடம் கேட்டால் "சோலார் பேனல் சார்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். இருட்டைப் பற்றிக் கேட்கிற பிள்ளை குறைவு.

முதலில் வெயில். பூமிக்கு வெளியே சூரியனுக்கு நேராக ஒரு சதுர மீட்டர் பரப்பை நீட்டினால் அதில் சராசரியாக 1361 வாட் விழுகிறது. நம் மாடியில் உச்சி வெயிலில் 1000 வாட் வந்தால் பெரிது. மேகம், தூசி, பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று எதுவும் அங்கே குறுக்கே நிற்காது.

அப்புறம் இருட்டு. அது செயற்கைக்கோள் எந்த உயரத்தில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒன்றுக்கு ஒரு சுற்று சுமார் 95 நிமிடம். அதில் ஏறக்குறைய 35 நிமிடம் பூமியின் நிழலுக்குள் கிடக்கும். நமக்கு ஒரு நாளில் ஒரு ராத்திரி. அதற்கு 15 ராத்திரி.

டி.வி. ஒளிபரப்புக்கான செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன. அவற்றுக்கு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் ராத்திரியே கிடையாது. பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் ஜூனிலும் டிசம்பரிலும் பூமியின் நிழல் அவற்றுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேராக வரும் சமயம்தான் சிக்கல். ஒவ்வொரு தடவையும் சுமார் 45 நாள், தினமும் ஒருமுறை நிழல் விழும். உச்சத்தில் அது 70 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும்.

இரண்டு இடத்திலும் வெயிலில் பேனல் சம்பாதித்ததை பேட்டரி இருட்டுக்கு எடுத்து வைக்க வேண்டும். பேனல் எவ்வளவு பெரியது என்பதைவிட இருட்டு எவ்வளவு நீளம் என்பதுதான் ஒரு செயற்கைக்கோளின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்து போகின்றன. அதுதான் எனக்கு ஆதங்கம்.

சூலூர்பேட்டை சோலார்

சார், நாளைக்கு 15 என்றால் வருஷத்துக்கு 5475 தடவை சார்ஜ் ஏறி இறங்க வேண்டும்! நாங்கள் இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரியை முக்கால்வாசிக்கு மேல் தினமும் காலி செய்தால் 1500 தடவை தாங்கினாலே பெரிய விஷயம். இந்தக் கணக்குப்படி மேலே போன பேட்டரி நாலு மாசத்தில் செத்துவிட வேண்டுமே. எப்படிப் பல வருஷம் ஓடுகிறது?

பாறசாலை மின்வேதி

இதற்கு நான் பதில் சொல்கிறேன். பேட்டரி வேதியியல் சொல்லிக் கொடுப்பது என் வேலை. பாறசாலையில் வீடு, தமிழும் மலையாளமும் கலந்த ஊர்.

உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. "முக்கால்வாசிக்கு மேல் காலி செய்தால்" என்றீர்கள். அங்கே காலி செய்ய விடுவதில்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோளில் பேட்டரியின் கொள்ளளவில் 20, 30 சதவீதம் மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப நிரப்புவார்கள். மீதி 70, 80 சதவீதம் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். சும்மா கிடப்பதில்லை. அந்த மிச்சம்தான் அதன் ஆயுள். ஆழமாக வடிக்க வடிக்க, மின்முனையில் இருக்கும் பொருள் ஒவ்வொரு தடவையும் அதிகமாக உப்பிச் சுருங்கும், விரிசல் விடும். மேலாக எடுத்தால் அந்தச் சேதம் பல மடங்கு குறைகிறது. ஐந்து வருஷத்துக்கு 27,000 தடவைக்கு மேல் ஏறி இறங்குவதற்கு வேறு வழி கிடையாது.

உயரே நிற்கிற டி.வி. செயற்கைக்கோளின் கதை வேறு. வருஷத்துக்குச் சுமார் 90 ராத்திரிதான். 15 வருஷம் ஓடினாலும் 1350 தடவை. அதனால் அங்கே 70, 80 சதவீதம் வரை தைரியமாக இறக்குவார்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை முதலில் நிக்கல்-காட்மியம் வந்தது. பிறகு நிக்கல்-ஹைட்ரஜன். அது எனக்கு மிகவும் பிடித்த பேட்டரி. ஒவ்வொரு செல்லும் கனமான அழுத்தக் குடுவை மாதிரி இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி அழுத்தம் கூடும், இறங்கும்போது குறையும். உள்ளே இருக்கிற அழுத்தத்தைப் பார்த்தே எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று சொல்லிவிடலாம். 1990இல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியில் இந்த பேட்டரிகள் 19 வருஷம் ஓடின, 2009இல்தான் விண்வெளி வீரர்கள் போய் மாற்றினார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இதுதான் இருந்தது. 2017 தொடங்கி 2021 வரை 48 நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு 24 லித்தியம்-அயான் பேட்டரிகளை மாட்டினார்கள். இப்போது எங்கும் லித்தியம்-அயான்தான். எடை குறைவு என்பதே காரணம்.

பழவேற்காட்டுக்காரன்

நான் மீன்பிடிக் குடும்பம். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிடுவார்கள். படகு கரையில் நிற்கும், நாங்களும் கரையில் நின்றுதான் பார்ப்போம். எனக்கு ஒரு சந்தேகம். ராக்கெட் தலைக்குள் செயற்கைக்கோள் மடங்கிக் கிடக்கிறதே, அப்போது வெயிலே படாது. அந்த நேரத்தில் அதற்கு உயிர் இருக்கிறதா, அணைத்துவிடுவார்களா?

ஆரம்பாக்கம் வாத்தியார்

உயிர் இருக்கும். ஏவுதளத்தில் நிற்கும்வரை தரையிலிருந்து ஒரு கேபிள் வழியாக கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், பேட்டரியும் முழுக்க நிரம்பி இருக்கும். கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்பு வெளி மின்சாரத்தை நிறுத்தி உள் பேட்டரிக்கு மாற்றுவார்கள். நேரலையில் கவனித்துக் கேட்டால் அந்த அறிவிப்பு காதில் விழும். அப்போதிலிருந்து பேனல் விரிந்து சூரியனைப் பார்க்கும்வரை பேட்டரி மட்டும்தான். ராக்கெட்டுக்கே தனியாக பேட்டரி உண்டு, அது வேறு கணக்கு.

பேனல் விரியும் அந்தக் கட்டம் மிகவும் பயமானது. மடித்துக் கட்டி வைத்த பேனலைப் பிடித்திருக்கும் கட்டை அறுத்துவிட்டால் கீல்களில் உள்ள சுருள்வில் அதை விரிக்க வேண்டும். விரியாவிட்டால்? 1987இல் ஜெர்மனியின் டி.வி.-சாட் 1 என்ற செயற்கைக்கோளில் ஒரு பேனல் விரியவில்லை. கரண்ட் குறைந்தது ஒரு பக்கம், மடங்கியே நின்ற பேனல் ஆன்டெனாவுக்குக் குறுக்கே நின்றது இன்னொரு பக்கம். கடைசியில் அது எதற்கும் உதவாமல் போயிற்று.

1973இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் மேலே போகும்போதே ஒரு சோலார் இறக்கை பிய்ந்து போனது. இன்னொன்றை ஒரு உலோகப் பட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டது. விண்வெளி வீரர்கள் பீட் கான்ராடும் ஜோசப் கெர்வினும் வெளியே போய் அந்தப் பட்டையை வெட்டி இறக்கையை விடுவித்தார்கள். ஆள் இருந்ததால் பிழைத்தது. ஆள் இல்லாத செயற்கைக்கோளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நகரி தறி

எல்லோரும் சோலார், பேட்டரி என்று சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். அணுசக்தி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? வெயில், இருட்டு, விரிகிற பேனல் எதுவும் வேண்டாம். வாயேஜர் விண்கலம் 1977இல் போனது, இத்தனை வருஷம் கழித்தும் பேசுகிறது. சந்திரயான்-3இல் போய் நிலாவில் இறங்கிய விக்ரம் லேண்டரில் அதை வைத்திருந்தால் நிலாவின் ராத்திரியைத் தாண்டி எழுந்திருக்கும். எனக்கு அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

ஆரம்பாக்கம் வாத்தியார்

உங்கள் வருத்தம் புரிகிறது. விக்ரம் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலை எங்கள் பள்ளியிலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் அணுசக்தி எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை.

வாயேஜரில் இருப்பது அணு உலை இல்லை. புளூட்டோனியம்-238 தானாகச் சிதையும்போது வரும் சூட்டை நேரடியாக மின்சாரமாக மாற்றும் கருவி. அதில் அசையும் பாகமே கிடையாது, அதனால்தான் இத்தனை காலம் ஓடுகிறது. ஆனால் வருகிற சூட்டில் மிகச் சிறு பங்குதான் மின்சாரம் ஆகும், மீதி சூடாகவே போய்விடும். கிளம்பும்போது கிடைத்தது சுமார் 470 வாட். ஒரு மிக்சியின் அளவுதான்! அதுவும் வருஷத்துக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது. புளூட்டோனியம்-238இன் அரை ஆயுள் 87.7 வருஷம், அதோடு மாற்றும் கருவியும் தேய்கிறது. இப்போது ஒவ்வொரு கருவியாக அணைத்துத்தான் அதை ஓட்டுகிறார்கள்.

ஒரு பெரிய டி.வி. செயற்கைக்கோளுக்கு வேண்டியது கிலோவாட் கணக்கில். நம் ஜிசாட்-11க்கு 13 கிலோவாட்டுக்கும் மேல். அதை இந்த முறையில் கொடுக்கவே முடியாது.

நிஜமான உலையையும் மேலே அனுப்பினார்கள். சோவியத்தின் காஸ்மாஸ் 954 அப்படிப்பட்டது. 1978 ஜனவரி 24 அன்று அது கனடாவின் வடமேற்கில் விழுந்து கதிரியக்கத் துண்டுகளைச் சிதறியது. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. நம் தலைக்கு மேல் தாழ்வாகச் சுற்றும் எதிலும் உலை வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ராக்கெட் பறக்கும் வழியில் குடியிருக்கிறவர்கள் நாம்.

பாறசாலை மின்வேதி

நகரி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நிலாவின் ராத்திரியைத் தாண்ட மின்சாரத்தைவிட முக்கியமாகச் சூடு வேண்டும். பூமிக் கணக்கில் சுமார் 14 நாள் இருட்டு, வெப்பநிலை மைனஸ் 100 டிகிரிக்கு வெகு கீழே போய்விடும். பேட்டரிக்குள் இருக்கும் திரவம் உறைந்து, சாலிடர் விட்டுப் போகும். அதற்குச் சிறு கதிரியக்க வெப்பக் குமிழ் போதும், அது கரண்டே தராது. சீனாவின் சாங்-அ 4 லேண்டர் இப்படித்தான் ராத்திரிகளைத் தாண்டியது. சந்திரயான்-3இன் உந்துவிசைப் பகுதியில் ஒரு வாட் அளவில் இப்படிப்பட்ட இரண்டு வெப்ப அலகுகளை வைத்து நாமும் சோதித்திருக்கிறோம். லேண்டரில் வைக்கவில்லை, அது ஒரு நிலாப் பகலுக்கென்றே திட்டமிட்டது. அடுத்து வருவதில் வைப்பார்கள் என்று நம்புகிறேன்.

குப்பம் மூன்றாம் ஆண்டு

நான் எலெக்ட்ரானிக்ஸ் மாணவன். எங்கள் கல்லூரியில் பத்து சென்டிமீட்டர் கனசதுர செயற்கைக்கோள் மாதிரி ஒன்று செய்கிறோம், மின்சாரப் பகுதி என் பொறுப்பு. அதற்காக மங்கள்யானைப் பற்றிப் படித்தேன். அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

மங்கள்யான் 2013 நவம்பர் 5 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி 2014 செப்டம்பர் 24 செவ்வாயைப் பிடித்தது. ஆறு மாசத்துக்கென்று திட்டமிட்டது எட்டு வருஷத்துக்கு ஓரளவு குறைவாக ஓடியது. பேனல் சாகவில்லை. இருட்டுதான் கொன்றது. அதன் பேட்டரியை 1 மணி 40 நிமிட நிழலைத் தாங்குவதற்கென்று செய்திருந்தார்கள். செவ்வாயைச் சுற்றும் பாதை மெல்ல மெல்ல மாறும்போது நிழல் நீளமாகிற காலங்கள் வரும். 2017 ஜனவரியில் அப்படி ஒன்று வரப்போவது தெரிந்து, மிச்சமிருந்த எரிபொருளில் பாதிக்கு மேல் செலவழித்து பாதையை மாற்றித் தப்பிக்க வைத்தார்கள். சுமார் 20 கிலோ செலவு, கையில் மிஞ்சியது 13 கிலோ. 2022 ஏப்ரலில் அடுத்தடுத்து நிழல்கள் வந்தன, ஒன்று ஏழரை மணி நேரம். அதற்கப்புறம் பேச்சில்லை. அந்த அக்டோபரில் இஸ்ரோ முறைப்படி அறிவித்தது.

வாத்தியார் சொன்ன "இருட்டின் நீளம்" என்பது இதுதானே சார்?

ஆரம்பாக்கம் வாத்தியார்

இதேதான் தம்பி. நன்றாக எழுதினாய்.

பழவேற்காட்டுக்காரன்

இருட்டே வராத மாதிரி ஒரு பாதையில் விட முடியாதா?

குப்பம் மூன்றாம் ஆண்டு

முடியும் அண்ணா. துருவங்களுக்கு மேலாகப் போகும் பாதையை, பகலும் இரவும் சேரும் கோட்டின் மேலேயே ஓடும்படி வைக்கலாம். கீழே இருப்பவர்களுக்கு அது எப்போதும் காலை ஆறு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ கடக்கும். சூரியன் பக்கவாட்டில் இருந்துகொண்டே இருக்கும், வருஷத்தில் கொஞ்ச காலம் தவிர நிழல் படாது. பூமி நடுவில் சற்று உப்பியிருப்பதால் இந்தப் பாதை நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி தானாகத் திரும்பும். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்துக்கு அது சரியாகப் பொருந்திவிடுகிறது.

ரேடார் செயற்கைக்கோள்கள் கரண்டை நிறைய இழுக்கும், அதனால் அவற்றை இதில் விடுவார்கள். 2012இல் போன ரிசாட்-1 அப்படி. 2025 ஜூலை 30 மாலை நீங்கள் கரையிலிருந்து பார்த்திருப்பீர்களே, நைசார், அதுவும் இந்தப் பாதையில்தான் 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 இன்னும் வசதி. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி சூரியன் பக்கமாக நிற்பதால் அதற்கு ராத்திரியே இல்லை.

சூலூர்பேட்டை சோலார்

நிறையத் தெரிந்துகொண்டேன். என் மிச்சக் கேள்விகளும் இருக்கின்றன. செல் எப்படிப்பட்டது, மிஞ்சுகிற கரண்ட், எர்த்திங்.

இதைக் கேட்கக் காரணம் உண்டு. பத்து வருஷம் வெயிலில் கிடந்த பேனலை வெயிலுக்கு எதிராகச் சாய்த்துப் பார்த்தால், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஓடும் தகர நாடாவில் மயிரிழை விரிசல் தெரியும். பகலில் சூடாகி நீளும், ராத்திரி சுருங்கும். நாளைக்கு ஒருமுறை நடக்கிற இதற்கே அந்தக் கதி. நாளைக்கு 15 தடவை என்றால் நாடா என்னாவது?

பாறசாலை மின்வேதி

தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. மகிழ்ச்சியாக இருக்கிறது.

நாடாவிலிருந்தே தொடங்குகிறேன். வெயிலிலிருந்து நிழலுக்குள் போனால் சில நிமிடத்தில் பேனல் கொதிநிலைப் பக்கத்திலிருந்து உறைநிலைக்கு வெகு கீழே இறங்கிவிடும். அதனால் அந்த இணைப்பை நேராக இழுத்துக் கட்டுவதில்லை. வெள்ளி அல்லது வெள்ளி பூசிய உலோகத் தகடு, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு சின்ன வளைவோடு இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் குட்டி அலை போலத் தெரியும். நீள்வதையும் சுருங்குவதையும் அந்த வளைவு வாங்கிக்கொள்ளும், பற்றவைத்த முனைக்கு இழுப்பு போகாது.

செல்லும் வேறு. மாடியில் போடுவது சிலிக்கான், 20 சதவீதத்தைச் சுற்றி. அங்கே இப்போது போவது ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. மேலே இண்டியம் காலியம் பாஸ்பைடு, நடுவில் காலியம் ஆர்சனைடு, அடியில் ஜெர்மேனியம். ஒவ்வொரு அடுக்கும் வெயிலின் ஒரு பகுதி நிறத்தை எடுத்துக்கொள்ளும். 28 முதல் 30 சதவீதம், சிலவற்றில் அதற்கும் மேல். விலை பல மடங்கு. மாடிக்குக் கட்டுப்படியாகாது, ஆனால் மேலே அனுப்பும் ஒவ்வொரு கிராமுக்கும் காசு என்பதால் அங்கே கட்டுப்படியாகும்.

மேலே சீரியம் கலந்த மெல்லிய கண்ணாடி ஒட்டியிருப்பார்கள். தூசிக்காக இல்லை, கதிரியக்கத்துக்காக. புரோட்டானும் எலெக்ட்ரானும் மோதி மோதி செல்லின் படிகத்தைக் கெடுக்கும், ஒவ்வொரு வருஷமும் கரண்ட் கொஞ்சம் குறையும். ஆகவே கடைசி வருஷத்தில் வேண்டிய கரண்டைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்ப முதல் நாளே பெரிதாகப் போடுவார்கள். 1962இல் டெல்ஸ்டார் என்ற செயற்கைக்கோளை ஏவுவதற்கு முந்தைய நாள் அமெரிக்கா மிக உயரத்தில் அணுகுண்டு சோதனை ஒன்று நடத்தியது. அதில் கூடிய கதிரியக்கம் டெல்ஸ்டாரின் எலெக்ட்ரானிக்ஸை வெகு சீக்கிரம் கெடுத்தது. அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் கண் திறந்தது.

நகரி தறி

முதன்முதலில் சோலாரை மேலே கொண்டுபோனது யார் அக்கா?

பாறசாலை மின்வேதி

அமெரிக்காவின் வான்கார்டு 1 அண்ணா, 1958 மார்ச் 17. அதற்கு முந்தைய வருஷம் போன ஸ்புட்னிக் 1 வெறும் பேட்டரியில் ஓடியது, மூன்று வாரத்தில் குரல் நின்றது. வான்கார்டில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். பேட்டரியில் ஓடியது அந்த ஜூனிலேயே நின்றது. ஆறு சின்ன சோலார் செல்லில் ஓடியது 1964 வரை பேசியது. ஒரே செயற்கைக்கோளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகத்துக்கு நிரூபித்த மாதிரி ஆயிற்று. அந்த உருண்டை இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பாக்கம் வாத்தியார்

சூலூர்பேட்டை தம்பியின் கடைசி இரண்டு கேள்விகள்.

மிஞ்சுகிற கரண்ட். மாடியில் போட்டால் மின்வாரியக் கம்பிக்குத் திருப்பி அனுப்பலாம். அங்கே வாங்க ஆள் இல்லை. சோலார் செல்லை ஷார்ட் செய்தால் அது கெடாது என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். பேட்டரி நிரம்ப நிரம்ப, பேனலில் உள்ள வரிசைகளை ஒவ்வொன்றாக மின்னணு சுவிட்சால் ஷார்ட் செய்து விலக்கிவிடுவார்கள். விலக்கிய வரிசையில் விழும் வெயில் பேனலிலேயே சூடாகி விண்வெளிக்குக் கதிர்வீசிப் போய்விடும். சிறிய செயற்கைக்கோள்களில் நீங்கள் தினம் பயன்படுத்துகிற எம்.பி.பி.டி. முறையும் (பேனலிலிருந்து எவ்வளவு இழுப்பது என்று சரிசெய்துகொண்டே இருப்பது) உண்டு.

எர்த்திங். மண்ணே இல்லாத இடத்தில் உடற்கூட்டையே பொதுப் புள்ளியாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பிரச்சினை அதோடு முடிவதில்லை. சுற்றியிருக்கும் மின்னூட்டத் துகள்கள் உடம்பில் படிந்து ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் வோல்டேஜ் ஏறும், பொறி பறந்தால் செல் வரிசையே போகலாம். அதற்காகக் கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத கடத்தும் பூச்சு கொடுப்பதுண்டு. விண்வெளி நிலையத்தின் பேனல்கள் 160 வோல்ட்டில் ஓடுகின்றன, அங்கே செனான் வாயுவை அயனியாக்கி வெளியே விட்டு மின்னூட்டத்தை வடிக்கும் கருவியே வைத்திருக்கிறார்கள். சாதாரண செயற்கைக்கோள்களில் 28, 42, 50, 70, 100 வோல்ட் என்று தேவைக்கு ஏற்ப இருக்கும், எல்லாம் டி.சி.தான்.

இந்த கரண்ட் போகும் வழியில் ஒரு இடம் தவறினாலும் போச்சு. 1997இல் இன்சாட்-2டி ஏவி நாலே மாசத்தில் மின்வழிக் கோளாறால் முழுதாகப் போனது. 2010 ஜூலையில் இன்சாட்-4பியின் ஒரு பேனல் பக்கத்து மின்சாரம் பழுதாகி, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் 24 டிரான்ஸ்பாண்டரில் பாதியை அணைத்தார்கள். தமிழ் சேனல்கள் பல அதில் வந்துகொண்டிருந்தன. 1975இல் நம் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவிலும் சில நாளிலேயே மின்வழியில் கோளாறு, அறிவியல் கருவிகள் நின்றுபோயின. மின்சாரப் பகுதியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் பெயர் எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. வர வேண்டும்.

பழவேற்காட்டுக்காரன்

ஒரு செயற்கைக்கோளுக்கு கரண்ட் தீர்ந்தால் பக்கத்தில் இருக்கிறது கொடுக்க முடியுமா? நடுக்கடலில் படகு நின்றுபோனால் இன்னொரு படகு பேட்டரி கொடுக்குமே, அதனால் கேட்கிறேன்.

குப்பம் மூன்றாம் ஆண்டு

செய்து பார்த்துவிட்டார்கள் அண்ணா. ஸ்பேடெக்ஸ் என்ற இரண்டு சின்ன செயற்கைக்கோள்கள் 2024 டிசம்பர் 30 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயின. 2025 ஜனவரி 16இல் மேலே ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டன. ஏப்ரலில் இரண்டாவது தடவை கோத்த பிறகு, ஒன்றின் மின்சாரத்தால் இன்னொன்றில் இருக்கும் ஹீட்டரை ஓட்டிக் காட்டினார்கள். சுமார் நாலு நிமிடம். வருங்கால விண்வெளி நிலையத்துக்கு இது வேண்டும்.

பாறசாலை அக்கா, ஃபியூயல் செல்லை விட்டுவிட்டீர்களே?

பாறசாலை மின்வேதி

எங்கள் பக்கத்து வேலை அது, விடுவேனா! ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் தரும். அமெரிக்காவின் ஜெமினி விண்கலங்களில் பெரும்பாலானவை, அப்போலோ, ஷட்டில் எல்லாம் இதில்தான் ஓடின, அப்போலோவிலும் ஷட்டிலிலும் வந்த தண்ணீரை விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த ஒன்றை 2024 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் வைத்துச் சோதித்தார்கள், 180 வாட் வந்தது. எரிபொருள் தீர்ந்தால் முடிந்தது என்பதால் வருஷக்கணக்கில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஆகாது. மனிதர்கள் போகும் சில வாரப் பயணத்துக்குச் சரி.

சரி தம்பி, உன் கனசதுரத்தின் கணக்கைப் போடு, பார்க்கலாம்.

குப்பம் மூன்றாம் ஆண்டு

இதோ அக்கா. ஒரு முகத்துக்கு 30 சதுர சென்டிமீட்டர் செல் இரண்டு, ஆறு முகத்திலும். 28 சதவீதம் என்று வைத்தால் ஒரு முகம் நேராக வெயிலைப் பார்க்கும்போது 2.3 வாட். தன்போக்கில் உருண்டுகொண்டிருக்கும் கனசதுரத்துக்கு சராசரியாக ஒன்றரை முகத்தின் அளவு வெயில் படும். அப்படியென்றால் 3.4 வாட். ஒயரிலும் மின்சுற்றிலும் 15 சதவீதம் போனால் 2.9. 95 நிமிடத்தில் 59 நிமிடம்தான் வெயில் என்பதால் முழுச் சுற்றுக்கும் பரப்பினால் 1.8 வாட்.

செலவு: கணினியும் ரிசீவரும் எப்போதும் 1 வாட். தரைநிலையம் தெரியும் 10 நிமிடம் மட்டும் டிரான்ஸ்மிட்டர் 4 வாட், அதைச் சுற்று முழுதும் பரப்பினால் 0.4. மொத்தம் 1.4. கையில் 0.4 மிச்சம். 36 நிமிட இருட்டில் டிரான்ஸ்மிட்டரும் ஓடினால் 1.3 வாட்-மணி போகும். 9.6 வாட்-மணி உள்ள ஒரு லித்தியம் செல் போட்டால் 14 சதவீதம்தான் இறங்குகிறது. நீங்கள் சொன்ன 20க்குள் நிற்கிறது. சரியா அக்கா?

பாறசாலை மின்வேதி

வரவுப் பக்கம் சரியாக இருக்கிறது. செலவுப் பக்கத்தில் ஒன்று குறைகிறது. லித்தியம்-அயானை பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, லித்தியம் உலோகமாகப் படிந்து செல் பாழாகும். நிழலிலிருந்து வெளியே வரும் நிமிடத்தில்தான் உன் பேட்டரி ரொம்பக் குளிர்ந்திருக்கும், சார்ஜும் அப்போதுதான் தொடங்கும். அதனால் ஹீட்டர் வேண்டும். அது நிழலில் 36 நிமிடம் அரை வாட் இழுத்தாலே 0.3 வாட்-மணி, மொத்தம் 1.6 ஆகி 17 சதவீதம் வரும். இன்னும் 20க்குள்தான், ஆனால் அந்த 0.4 வாட் மிச்சத்தில் பாதி போய்விடும்.

அப்புறம் அந்த 9.6 புது செல்லின் கணக்கு. இரண்டு வருஷம் கழித்து அது 8க்கு இறங்கியிருக்கும் என்று வைத்துப் போட்டுப் பார், 20ஐத் தொட்டுவிடும். இரண்டாவது செல் ஒன்றை இணையாகச் சேர்த்துக்கொள். உங்கள் கல்லூரியில் குளிர்பெட்டி இருந்தால் மைனஸ் 10இல் வைத்து ஹீட்டர் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து இங்கே எழுது. வந்த எண்ணை வைத்து மறுபடி போடலாம்.

சூலூர்பேட்டை சோலார்

தம்பி, குளிர்பெட்டி இல்லையென்றால் நாயுடுபேட்டையில் ஐஸ் கிடங்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு இருக்கிறார், கேட்டுத் தருகிறேன். கிளாம்ப் மீட்டர் அரை வாட்டை அளக்காது, மில்லிஆம்ப் காட்டும் மீட்டராகக் கொண்டுவா.